பென்ஷன் ஆர்டரின் மறுபாதி

3 ஆகஸ்ட் 2005, புதன், அருவங்காடு

காலையிலிருந்து சாரல். துவைத்த வேட்டி மூன்றாவது நாளாகக் கொடியில் தொங்குகிறது. பத்தரை மணிக்கு சுலோச்சனா நியூசிலாந்திலிருந்து பேசினாள். எங்கள் இருவருக்கும் அங்கேயே தங்குவதற்கான விசா வந்துவிட்டதாம். நவம்பரில் கிளம்பி வரச் சொல்கிறாள். ஒரே மகள். பதினோரு வருஷமாக "வாங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் இன்று அழுதுவிட்டாள். அவள் அம்மா தனபாக்கியமும் அழுதாள். நான் மட்டும் "செரி, செரி, பில்லு ஏறுது" என்றேன். பில் மகளுக்குத்தான் ஏறும் என்பது ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது.

அவர்கள் இருக்கும் ஊரும் வெலிங்டன்தான். இங்கே உள்ள வெலிங்டனுக்கு பஸ்ஸில் பத்து நிமிஷம். "இந்த வெலிங்டனுக்கே நான் மாசத்துக்கு ஒருக்காத்தான் போறேன், அந்த வெலிங்டன்ல போயி என்னுங்க பண்றது" என்கிறாள் தனபாக்கியம். சொல்லிக்கொண்டே பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொல்கிறாள். நவம்பருக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

முதல் வேலை பென்ஷன்.

5 ஆகஸ்ட், வெள்ளி

பென்ஷன் விஷயத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குன்னூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், பென்ஷன் செக்‌ஷனில், முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவன். எத்தனை பேருடைய பேப்பர்கள் என் கையால் போயிருக்கும். ஒன்றுகூட மேலே இருந்து திரும்பி வந்ததில்லை. திரும்பி வரும்படியான பேப்பரை நானே கீழே திருப்பிவிடுவேன்.

வெளிநாட்டில் போய்க் குடியிருந்தாலும் பென்ஷன் நிற்காது. குன்னூர் பேங்கிலேயே விழும். கணக்கை மட்டும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான கணக்காக மாற்ற வேண்டும். அதிலிருந்து அங்கே அனுப்பிக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஒருமுறை, நவம்பரில், நான் உயிரோடு இருக்கிறேன் என்று அங்கே நம் நாட்டுத் தூதரகத்தில் ஒரு கையெழுத்து. சுலபம்.

மாப்பிள்ளை பாலன் நல்ல மனிதர். இருந்தாலும் மகள் வீட்டில் போய் உட்காருகிறோம். எனக்கு எழுபத்தொன்று, தனபாக்கியத்துக்கு அறுபத்துமூன்று. எனக்குப் பிறகு இவள் ஒரு சேலை வேண்டுமென்றாலும் மாப்பிள்ளையிடம் கை நீட்டும்படி ஆகக் கூடாது. குடும்பப் பென்ஷன் இவள் பேருக்கு ஒழுங்காக வந்துவிட்டால் எனக்கு வேறு கவலை கிடையாது. அதை இவளிடம் சொல்லத்தான் முடியவில்லை. பென்ஷன் எண் பன்னிரண்டு இலக்கம். மனப்பாடம் பண்ணு, பண்ணு என்று பதின்மூன்று வருஷமாகச் சொல்கிறேன். அடுப்படிக் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்தேன். மறுநாள் காலண்டர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. "அந்த நம்பரு எனக்கெதுக்குங்க, உங்குளுக்குத் தெரிஞ்சாப் போதாதா" என்றாள்.

8 ஆகஸ்ட், திங்கள்

பேங்கில் பென்ஷன் பார்ப்பது இப்போது ஒரு புதுப் பெண். இசக்கியம்மா என்று பெயர்ப் பலகை. திருநெல்வேலிப் பக்கம். ஜூன் மாதம்தான் மாற்றலாகி வந்திருக்கிறாள், இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கெட்டிக்காரி. நான் சொல்லி முடிப்பதற்குள் நாலு பாரத்தை எடுத்து வைத்துவிட்டாள்.

"கணக்குல அம்மாவையும் சேத்துருவோம்யா. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா ஃபேமிலி பென்ஷன் அதே கணக்குல அவங்களுக்கு வந்துரும், நியூசிலாந்துல இருந்து அலைய வேண்டாம். அடுத்த தடவை வாரப்போ அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. ஆர்டர்ல உள்ள போட்டோவையும் ஆளையும் பாத்துட்டு நான் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவிட்டேன். அங்கே வந்துதான் நினைவு வந்தது.

போட்டோ.

அட முருகா. அந்தப் போட்டோ.

9 ஆகஸ்ட், செவ்வாய்

எழுதி வைத்துவிடுகிறேன். எழுதினாலாவது கொஞ்சம் இறங்குகிறதா பார்ப்போம்.

பென்ஷன் ஆர்டர் இரண்டு பாதியாக வரும். ஒரு பாதி பென்ஷன்காரரிடம். மறுபாதி பணம் தரும் பேங்கில். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து எடுத்த ஜோடிப் போட்டோ பேங்க் பாதியில் ஒட்டியிருக்கும். என் பாதி பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மறுபாதியில் இருக்கும் போட்டோவில் என் பக்கத்தில் நிற்பது என் பெண்டாட்டி இல்லை. அவள் தங்கை அருக்காணி.

1991. எனக்கு அடுத்த ஜனவரியில் ரிட்டயர்மென்ட். எட்டு மாதத்துக்கு முன்னால் பேப்பர் கொடுக்க வேண்டும். நான் பென்ஷன் செக்‌ஷன்காரன், என் பேப்பர் முதல் தேதியே மேஜைக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. அந்த மே மாதம்தான் சுலோச்சனாவுக்குத் தலைப்பிரசவம். மூன்று நாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடினாள். தாயும் பிள்ளையும் பிழைத்தால் மொட்டை போடுகிறேன் என்று பழநி முருகனுக்கு இவள் வேண்டிக்கொண்டாள். பிழைத்தார்கள். இவளும் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தாள்.

"மொட்டத் தலையோட போட்டோவுல நிக்க மாட்டனுங்க. அதுவும் பென்ஷன் பேப்பர்ல, உங்க பக்கத்துல. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? ரெண்டு மாசம் போகட்டுமுங்க" என்றாள். இரண்டு மாதமா? என் பேப்பர் இரண்டு மாதம் லேட்டா? செக்‌ஷனில் சிரிக்க மாட்டார்களா?

கேத்தியிலிருந்து அருக்காணி மொட்டை பார்க்க வந்திருந்தாள். அக்காளும் தங்கையும் ஒரே ஜாடை. அக்காளுக்குப் பதில் தங்கை நிற்கட்டும் என்று யார் முதலில் சொன்னது என்பதில் இன்றைக்குவரை எங்களுக்குள் தகராறு. இவள் நான் என்கிறாள், நான் இவள் என்கிறேன். அருக்காணி அக்காளின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு குன்னூரில் தேவநேசன் ஸ்டூடியோவில் என் பக்கத்தில் நின்றாள். மூன்று காப்பி. பாரத்தில் கையெழுத்து, உயரம், அங்க அடையாளம் எல்லாம் தனபாக்கியத்துடையது, வீட்டுக்கு எடுத்துவந்து நானே எழுதியது. போட்டோ மட்டும் அவள் தங்கையுடையது. நானே கொண்டுபோய் நீட்டினேன். என் மேல் இருந்த நம்பிக்கையில் மேலதிகாரி ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

ரெண்டு மாசம். பொறுத்திருந்தால் குடி முழுகிப் போயிருக்காது. உனக்கு என்னடா அவ்வளவு அவசரம் இராஜமாணிக்கம்?

10 ஆகஸ்ட், புதன்

சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தேன். ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

12 ஆகஸ்ட், வெள்ளி

சொல்லிவிட்டேன். இரண்டு டம்ளர் ஓமத் தண்ணீருக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

இடி விழுந்த மாதிரி உட்கார்ந்துவிடுவாள் என்று பார்த்தால், முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தவில்லை. "இவ்வளவுதானா? அதுக்கென்னுங்க, அருக்காணியவே கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. அந்த பேங்குப் புள்ள எங்க ரெண்டு பேத்தையும் பாத்ததே இல்லையே."

வாயைத் திறந்து திட்டப் போனேன். திட்டவில்லை. ஏனென்றால் எட்டாம் தேதி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே எனக்கும் அதே யோசனைதான் வந்தது. ஐந்து நிமிஷ வேலை. ஒரு கையெழுத்து. முப்பத்தொரு வருஷம் நியாயம் பேசியவனுக்கு இது எப்படித் தோன்றுகிறது?

14 ஆகஸ்ட், ஞாயிறு

மலை ரயிலில் கேத்தி போய்வந்தேன். அருக்காணி கேரட் மூட்டைக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் குப்புசாமி போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் தனியாகத்தான் தோட்டத்தைப் பார்க்கிறாள், ஆள் வைத்து.

விஷயத்தைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தாள். "அந்தச் சீலைய அக்கா திருப்பிக் கேக்கவே இல்லீங்க மாமா. இன்னும் எங்கிட்டத்தான் இருக்குது." பிறகு ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஒரு நாளைக்கு வந்து நிக்கறது பெருசில்லீங்க. அக்கா பேர்ல கையெழுத்துங்கூடப் போட்டுருவேன். அப்பறம்? நாளைக்கு நீங்க இல்லாமப் போனா, பேங்குக் கணக்குல பொண்டாட்டி நானு. பணம் வாங்கறக்கு நான் கேத்தியில இருந்து பிளேன் ஏறிப் போறதா, இல்ல எங்கக்கா எம் மூஞ்சிய மாட்டிக்கிட்டு நிக்கறதா?"

அப்படியே நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "அந்தப் போட்டோவுல பொட்டும் பூவுமா நிக்கறேன். இப்ப இந்த நெத்தியோட வந்து உங்க பக்கத்துல நின்னா அந்த பேங்குப் புள்ள என்னுங்க நெனைக்கும்? வேண்டாமுங்க மாமா. நேராப் போயி உண்மையச் சொல்லிப் போடுங்க. சாமியா கோவிச்சுக்கும்? ஆபீசுதானே."

ஆபீசுதானே என்கிறாள். எனக்கு ஆபீஸ்தான் சாமி, அது அவளுக்குத் தெரியாது.

ஒரு பை கேரட் கொடுத்தாள். ரயிலில் உட்கார்ந்ததும் கொஞ்சம் லேசாக இருந்தது. அருக்காணி ஒத்துக்கொண்டிருந்தால் நான் செய்திருப்பேன். அதை இந்த நோட்டிலாவது ஒப்புக்கொள்கிறேன்.

17 ஆகஸ்ட், புதன்

மூன்று நாளாக மூக்கம்மா ஞாபகம்.

1978 அல்லது 79. ஆபீஸ் தோட்டக்காரர் இறந்துபோனார். அவர் சம்சாரம் மூக்கம்மா குடும்பப் பென்ஷனுக்கு வந்தாள். போட்டோவில் மூக்குத்தி, பெரிய பொட்டு, தலை நிறையப் பூ. நேரில் எதுவும் இல்லாத முகம், அழுது வற்றிய கன்னம். 'உருவ ஒற்றுமை சந்தேகத்துக்குரியது' என்று குறிப்பெழுதி ஃபைலைத் திருப்பினேன். புருஷன் செத்தவள் போட்டோவில் இருந்த மாதிரியே வருவாளா என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் ரூல் என்றிருப்பேன். திங்கட்கிழமைதோறும் வந்து கவுன்டர் ஓரமாக நிற்பாள். பேசவே மாட்டாள். ஏழு மாதம் கழித்துத்தான் பணம் வந்தது. அவளைப் பார்த்தால் நான் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

இப்போது நான் கவுன்டருக்கு இந்தப் பக்கம்.

பென்ஷனை நிறுத்திவிடுவார்களோ? பொய் ஆவணம் என்று கேஸ் போடுவார்களோ? எழுபத்தொரு வயதில்? விசா? சுலோச்சனாவிடம் என்ன சொல்வது?

18 ஆகஸ்ட், வியாழன்

மழை. எங்கும் போகவில்லை. கேரட் பொரியல், கேரட் சாம்பார்.

20 ஆகஸ்ட், சனி

மூக்கம்மா கதையை இன்று தனபாக்கியத்திடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள், நான் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். நாளை மறுநாள் பேங்குக்கு என்னோடு வா, உண்மையைச் சொல்லிவிடலாம், இல்லாவிட்டால் நாளைக்கு நீ இப்படித்தான் நிற்க வேண்டிவரும் என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.

அவள் இரண்டு சேலையை மடித்து வைத்தாள். பிறகு என் பக்கம் பார்க்காமலே சொன்னாள்.

"மொட்டை ஒரு சாக்குத்தானுங்க. முக்காடு போட்டுக்கிட்டு நின்னிருக்கலாம், எனக்கென்ன தெரியாதா? நீங்க போனதுக்கப்பறம் எனக்குக் காசு வர்றக்கு ஒரு பேப்பரு. அதுல உங்க பக்கத்துல நின்னு எப்புடிங்க சிரிக்கறது? அருக்காணி வந்தா, போ கண்ணுன்னு தள்ளி உட்டுட்டேன். அந்த நம்பரையும் அதுக்குத்தான் படிக்கலீங்க. படிச்சா அந்த நம்பரு வேண்டியதா ஆயிருமோன்னு பயமுங்க."

நாற்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவளுக்குக் காலண்டரில் எழுதியதைப் படிக்கச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரே வேட்டியை இரண்டு தடவை மடித்தேன்.

"திங்கக்கெழம வர்றனுங்க" என்றாள்.

22 ஆகஸ்ட், திங்கள்

எழுதுவதற்கே சிரிப்பாக இருக்கிறது.

பத்து மணிக்கெல்லாம் இசக்கியம்மா மேஜை முன் உட்கார்ந்துவிட்டோம். அவள் ஃபைலைத் தேடி எழுந்து போவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். ஃபைல் வந்து, அவள் பார்த்து, பிறகு நான் சொன்னால் அது மாட்டிக்கொண்டவன் பேச்சு. பார்ப்பதற்கு முன்னால் சொன்னால்தான் சொன்னதாகும். ஆகவே மொட்டை, பழநி, பட்டுச்சேலை, அருக்காணி, என் அவசரப் புத்தி, எல்லாவற்றையும் கொட்டினேன். நான் பென்ஷன் செக்‌ஷனில் இருந்தவன் என்பதையும் சொன்னேன். தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

இசக்கியம்மா எழுந்து போய் ஃபைலை எடுத்து வந்தாள். பிரித்தாள். எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள்.

பூஞ்சை.

நம் ஊர்ப் பூஞ்சைதான். செருப்பில் பிடிக்கிற அதே பூஞ்சை, கல்யாண ஆல்பத்தில் பிடிக்கிற அதே பூஞ்சை. பதின்மூன்று வருஷ மழைக்கும் பனிக்கும் போட்டோ முழுக்க வெள்ளையாகப் படர்ந்து இரண்டு தலையையும் தின்றுவிட்டிருந்தது. என் மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் தெரிந்தது. பட்டுச்சேலையின் கரை ஒரு விரல் அகலம் தெரிந்தது. அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பது அருக்காணியா, தனபாக்கியமா, தேவநேசனா, யாராலும் சொல்ல முடியாது.

"நீங்க சொல்லாட்டி எனக்கு இதுல யாருன்னே தெரிஞ்சிருக்காதுய்யா" என்றாள் இசக்கியம்மா. உதட்டைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு முடியவில்லை, சிரித்துவிட்டாள். தனபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பதினான்கு நாள் நான் சாப்பிடாமல் கிடந்தது இந்தப் பூஞ்சைக்கா?

சிரித்து முடித்ததும் அந்தப் பெண் சொன்னதுதான் விஷயம். "ஆனா சொன்னது நல்லதுய்யா. மூணு காப்பி குடுத்தீங்கள்லா? ஒண்ணு வடக்க தலைமை ஆபீஸ்ல இருக்கும். அங்க பூஞ்சை பிடிக்காது. நாளைக்கு அம்மா தனியா கிளெய்ம் போடுறப்போ அந்தக் காப்பியத்தான் எடுத்துப் பாப்பாங்க. அப்போ சொல்லுறதுக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை. முப்பத்தொரு வருஷம் மூன்று மூன்று காப்பியாகக் கட்டி அனுப்பியவன் நான்.

பிறகு அங்க அடையாளத்தைப் படித்தாள். இடது முழங்கையில் தீக்காயத் தழும்பு. வலது புருவத்தின் மேல் மச்சம். தனபாக்கியம் ஸ்வெட்டர் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினாள். 1964-இல் வடைச்சட்டி. கையெழுத்துப் போடச் சொன்னாள். அதே கோணல் 'த'. "ஆளும் கையெழுத்தும் சரியா இருக்கு. போட்டோதான் தப்பு. நோட்டரிகிட்ட உறுதிமொழி எழுதி வாங்கிட்டு, புது ஜோடிப் போட்டோ மூணு கொண்டு வாங்க. நான் எழுதி மேல அனுப்புதேன். பென்ஷன் பாட்டுக்கு வரும், பயப்படாதீங்க" என்றாள்.

உறுதிமொழிப் பத்திரத்தில் என்ன எழுத வேண்டும் என்று அவளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். நான் கேட்காமலேயே. நான் ஒரு நாளும் யாருக்கும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை.

வரும்போது ஹோட்டலில் ஆளுக்கு ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். நான் இன்னொன்றும் வாங்கிக்கொண்டேன்.

25 ஆகஸ்ட், வியாழன்

தேவநேசன் ஸ்டூடியோ. அவருக்கும் தலை நரைத்துவிட்டது. சுலோச்சனா கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர், வீட்டு ஆட்கள் எல்லாரையும் தெரியும். எங்களை உட்கார வைத்து விளக்கைத் திருப்பிக்கொண்டே, "இந்தத் தடவை சரியான ஆளக் கூட்டிட்டு வந்துட்டீங்க சார்" என்றார்.

"அப்பவே தெரியுமா?"

"தெரியாமயா? கேக்கலாமான்னு பாத்தேன். ஆபீஸ்ல பெரிய ஆளு, ஏதோ ரூல் இருக்கும்னு விட்டுட்டேன்."

தனபாக்கியம் சிரித்தாள். அந்த நேரத்தில்தான் அவர் எடுத்தார். பென்ஷன் போட்டோவில் பல் தெரியலாமா என்று கேட்கப் போனேன். போகட்டும்.

12 செப்டம்பர், திங்கள்

பேங்கில் விசாரித்தேன். மேலே போயிருக்கிறது.

26 செப்டம்பர், திங்கள்

மேலே போயிருக்கிறது. இசக்கியம்மா மூன்றாவது ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள்.

3 அக்டோபர், திங்கள்

நானும் திங்கட்கிழமைதோறும் போகிறேன் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. மூக்கம்மா எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்று பழைய ஆபீஸ் ஆட்களிடம் கேட்டுப்பார்த்தேன். பேரனோடு திருப்பூர் போய்விட்டாளாம். விலாசம் யாருக்கும் தெரியவில்லை. கிடைத்திருந்தால் போய்ப் பார்த்திருப்பேன். என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. மன்னிச்சுக்க தாயி என்றாவது.

17 அக்டோபர், திங்கள்

வந்துவிட்டது.

ஒரே ஒரு தாள். புதிய போட்டோ ஏற்றுக்கொள்ளப்பட்டது, பழையது ரத்து, மனைவி தனபாக்கியத்தின் பெயர் குடும்பப் பென்ஷனுக்கு உறுதி செய்யப்படுகிறது. முத்திரை, கையெழுத்து, தேதி, எல்லாம் இருக்கிறது. நாலு தடவை படித்தேன். குறை கண்டுபிடிக்க முடியவில்லை. இசக்கியம்மா எங்கள் முன்னாலேயே புதுப் போட்டோவைப் பசை தடவி ஒட்டினாள், அதன் மேல் பிளாஸ்டிக் உறையும் போட்டாள். கணக்கும் மாறிவிட்டது, இருவர் பெயரிலும்.

அப்பாடா. இந்த ஒரு வார்த்தையை எழுத இரண்டரை மாதம் ஆகியிருக்கிறது. நெஞ்சில் ஏதோ கல் இருந்தது, அது இல்லை. மாப்பிள்ளை வீட்டில் இவள் யார் கையையும் பார்க்க வேண்டாம். நான் நிம்மதியாகப் பிளேன் ஏறலாம். பிளேன் ஏறி இறங்கவும் ஆசைதான்.

வீட்டுக்கு வந்ததும் இவள் மெதுவாக ஆரம்பித்தாள். "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பேப்பரு நல்லபடியா முடிஞ்சா மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டனுங்க."

பாஸ்போர்ட்டில் பின்னல் போட்ட படம் இருக்கிறது. விசாவிலும் அதேதான். ஒட்டின பசை இன்னும் காயவில்லை. முருகா, உனக்கு எங்கள் வீட்டுப் போட்டோக்களின் மேல் என்ன கோபம்?

24 அக்டோபர், திங்கள், பழநி

மொட்டை போட்டாயிற்று. சந்தனம் தடவிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தாள். அடிவாரத்தில் போட்டோ எடுப்பவன் ஒருவன் எல்லாரையும் கூப்பிடுவதுபோல் எங்களையும் கூப்பிட்டான். நான் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தால் இவள் அங்கேயே நிற்கிறாள்.

"வாங்க. பக்கத்துல நில்லுங்க."

நின்றேன்.

17 நவம்பர், வியாழன்

பேங்கில் இந்த வருஷத்து உயிர்ச்சான்று கொடுத்தாயிற்று. இசக்கியம்மா பனங்கருப்பட்டி ஒரு பொட்டலம் கொடுத்தாள், ஊரிலிருந்து வந்ததாம். அருக்காணி வந்து சாவியை வாங்கிக்கொண்டாள். பட்டுச்சேலையைக் கொண்டு வந்திருந்தாள். அக்காள் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். காலையில் கோயமுத்தூருக்குக் கார். தொழிற்சாலையில் இரவுச் சங்கு ஊதியாயிற்று, படுக்க வேண்டும்.

7 நவம்பர் 2006, செவ்வாய், வெலிங்டன் (அந்த வெலிங்டன்)

நோட்டைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தேன். ஒரு வருஷமாக எழுதவில்லை. எழுதும்படி தொல்லை எதுவும் இல்லாததுதான் காரணம். மாசாமாசம் பென்ஷன் வருகிறது. இவள் போன மாதம் மாப்பிள்ளைக்குத் தன் செலவில் சட்டை எடுத்தாள். கலர் அவருக்குப் பிடிக்கவில்லை, போட்டுக்கொண்டுதான் திரிகிறார்.

இன்று தூதரகத்தில் என் உயிர்ச்சான்று. காற்று ஆளைத் தள்ளுகிறது. இவள் வர வேண்டிய அவசியமே இல்லை, வருகிறேன் என்று வந்தாள். முடி காதுக்குக் கீழே வளர்ந்திருக்கிறது.

அதிகாரி பாலக்காட்டுக்காரர். பாதி மலையாளமாகத் தமிழ் பேசினார். என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். ஐந்து நிமிஷம். நான் எழுந்துவிட்டேன். இவள் எழவில்லை.

"ஏனுங்க சார், என்னையுங் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. "அம்மாவுக்கு வேண்டாம். சாருக்கு மட்டும் மதி, போதும்."

"தெரியுமுங்க. ஒரு நாளைக்கு நான் தனியா வர வேண்டியிருக்கும். அன்னைக்கு அடையாளந் தெரியோணுமில்லீங்க." கைப்பையிலிருந்து எங்கள் ஜோடிப் போட்டோவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். தேவநேசன் எடுத்தது. பக்கத்தில் இன்னொன்றையும் வைத்தாள், பழநி அடிவாரத்தில் எடுத்தது. "இதும் நான்தானுங்க, அதும் நான்தானுங்க. பொட்டில்லாம வந்தாலும் நான்தானுங்க."

அவர் இரண்டு படங்களையும் பார்த்தார். இவளை நிமிர்ந்து பார்த்தார். "ஓர்மை வெச்சுக்கறேன் அம்மா" என்றார்.

பஸ்ஸில் நாலு ஸ்டாப் தாண்டியதும் இவளாகவே, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தாள். பென்ஷன் எண். பன்னிரண்டு இலக்கம். நான் மனதுக்குள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"செரியாங்க?"

"செரிதான்" என்றேன். இறங்கும் இடம் வந்துவிட்டது என்று அவள்தான் சொன்னாள்.